ஃபேஷன் பத்திரிகைக்கு பட்டாபிராமிலிருந்து ஒரு விண்ணப்பம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

மூணு வாரம் முன்னாடி, ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு மெயில் வந்தது. பட்டாபிராமிலிருந்து ஒரு தங்கச்சி. பி.காம். கடைசி வருஷம். மும்பையில் ஒரு ஃபேஷன் பத்திரிகையில் எடிட்டோரியல் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். மூன்று மாத வேலை. "அக்கா, என் கவர் லெட்டரைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க. ஞாயித்துக்கிழமை கடைசி தேதி." அவ்வளவுதான் மெயில்.

ரொம்ப நாளாகக் கேட்பவர்களுக்குத் தெரியும், நானும் பட்டாபிராம்தான். 2018-ல் இதே மாதிரி ஒரு இன்டர்ன்ஷிப்புக்கு மும்பை போய்விட்டு வந்தவள். அதனால் இதை ஒரு பதில் மெயிலோடு முடிக்க மனசு வரவில்லை. அவளிடம் அனுமதி கேட்டு, அவள் பெயரையும் பத்திரிகையின் பெயரையும் எடுத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் பேசியதை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்த லெட்டர். ஒரு பக்கம் முழுக்க இருந்தது. சின்ன வயசிலிருந்தே ஃபேஷன் என்றால் உயிர் என்று ஆரம்பம். அப்புறம் பாரிஸ், மிலன். நடுவில் பேஷன், ஃபேஷன், பேஷன், ஃபேஷன் என்று மாறி மாறி வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் எது எது என்றே எனக்குப் புரியவில்லை. இங்கிலீஷ் சுத்தமாக இருந்தது, ஒரு தப்பு கிடையாது. ஆனால் இந்த லெட்டரை எழுதியவள் எந்த ஊர், அவள் கண்ணுக்கு என்ன தெரியும் என்று ஒரு வரி இல்லை. டெல்லியிலிருந்தும் கொச்சியிலிருந்தும் அதே லெட்டர் அதே எடிட்டருக்குப் போயிருக்கும்.

ஃபோனில் நான் கேட்ட முதல் கேள்வி: "அங்க போய் என்ன வேலை செய்யப் போற, தெரியுமா?"

"ஷூட்டுக்கு ஹெல்ப் பண்ணணும்னு நினைக்கறேன் அக்கா. எங்க அப்பா, தலையங்கம் எழுதப் போறியாம்மான்னு கேக்கறாரு."

அப்பா கேட்டதில் தப்பே இல்லை. எடிட்டோரியல் என்றால் செய்தித்தாளில் தலையங்கம்தான். ஃபேஷன் பத்திரிகையில் அந்த வார்த்தைக்கு வேறு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, ஒரே கருவை வைத்துப் பத்துப் பன்னிரண்டு பக்கம் எடுக்கும் படத் தொடர். மாடல், உடை, இடம், வெளிச்சம் எல்லாம் சேர்ந்து ஒரு கதை சொல்லும். இன்னொன்று, அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழு. விளம்பரம் பிடிக்கும் பிரிவு தனி, எழுதித் தொகுக்கும் பிரிவு தனி. எடிட்டோரியல் இன்டர்ன் என்றால் இந்த இரண்டாவது பக்கத்தில் உட்காருபவர், முதலாவதற்கும் ஓடுபவர்.

அந்த ஓட்டம் எப்படி இருக்கும் என்றால், ஒரு ஷூட்டுக்கு முன்னால் பல டிசைனர்களிடமிருந்து, கடைகளிடமிருந்து சாம்பிள் வரும். புடவை, சட்டை, செருப்பு, கம்மல். ஒன்றுமே பத்திரிகைக்குச் சொந்தமில்லை, எல்லாம் கடன். எது யாரிடமிருந்து எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி வைப்பது இன்டர்ன். துணிக்கு ஸ்டீம் போடுவது இன்டர்ன். புதுச் செருப்பு தேயாமல் இருக்க அடியில் டேப் ஒட்டுவது இன்டர்ன். ஷூட் முடிந்ததும் ஒவ்வொன்றையும் மடித்து, பெட்டி கட்டி, கூரியர் ரசீதைப் பத்திரப்படுத்தி, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவதும் இன்டர்ன்தான். இதற்கு 'ரிட்டர்ன்ஸ்' என்று பெயர். நான் மும்பையில் இருந்த மூன்று மாதத்தில் பாதி நாள் ரிட்டர்ன்ஸ்தான்.

மீதிப் பாதி எழுத்து வேலை. எடிட்டர் எடுத்த பேட்டியை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்குவது, டிசைனர் பெயரில் எத்தனை 'ஏ' என்று சரிபார்ப்பது, ஒவ்வொரு படத்துக்கும் கீழே உடை யாருடையது, விலை என்ன என்று கிரெடிட் போடுவது, கேப்ஷன் எழுதுவது. கேப்ஷனைச் சாதாரணமாக நினைக்காதீங்க. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன் 1956-ல் வோக் பத்திரிகை மாணவிகளுக்காக நடத்திய எழுத்துப் போட்டியில் ஜெயித்து, அதன் வழியாகத்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஆரம்ப வருடங்களில் அவர் எழுதியவற்றில் பெயர் போடாத கேப்ஷன்களும் உண்டு. நீளமாக எழுதச் சொல்லி, பிறகு அதைச் சில வரியாக வெட்டும் ஒரு சீனியர் எடிட்டரிடம்தான் அவர் வாக்கியம் கட்டப் பழகினார். அதே போட்டியில் 1951-ல் ஜெயித்தவர் ஜாக்குலின் பூவியே. பின்னாளில் ஜாக்குலின் கென்னடி ஆனாரே, அவரேதான்.

கேப்ஷனும் கட்டுரையும் ஒரு துணியை என்ன செய்யும் என்பதற்கு நம்ம ஊர் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. மெட்ராஸ் செக்ஸ், அந்தக் கட்டம் போட்ட கைத்தறித் துணி. 1958-ல் ஓர் அமெரிக்க இறக்குமதியாளர் இங்கிருந்து அதை வாங்கிக்கொண்டு போனார். விற்றவர் கண்ணூர்க்காரரான கேப்டன் கிருஷ்ணன் நாயர். பின்னாளில் லீலா ஹோட்டல்களை ஆரம்பித்தவர். துணி சாயம் போகும், குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலச வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தத் தகவல் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வாஷிங் மெஷினில் போட்டார்கள். சாயம் கரைந்து எல்லாத் துணியிலும் ஏறிவிட்டது. ஒரே புகார். வழக்குப் போடுவோம் என்று நாயரை நியூயார்க்குக்கே வரவழைத்தார்கள்.

அப்போது 'செவன்டீன்' என்ற பத்திரிகை இந்தத் துணியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியது. சாயம் போவது குறை இல்லை, கையால் நெய்து இயற்கைச் சாயம் ஏற்றியதால் ஒவ்வொரு அலசலிலும் நிறம் மாறிப் புதுசாகத் தெரியும் என்கிற கோணத்தில். விளம்பரத்திலும் சாயம் போவதற்கு உத்தரவாதம் என்றே போட்டார்கள். புகார் சொன்ன அதே ஊரில் துணி பிய்த்துக்கொண்டு போனது. இது கிருஷ்ணன் நாயர் பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்ன கதை. விற்றவர் சொல்லும் கதைதான், கொஞ்சம் மெருகு இருக்கும். ஆனால் 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்ற பெயர் நிஜமாகவே அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. துணியில் ஒரு இழைகூட மாறவில்லை, எழுதிய வரி மட்டும் மாறியது. இது நல்லதா, ஏமாற்றா என்று நான் இன்னமும் முடிவு செய்யவில்லை. எப்படியிருந்தாலும் எடிட்டோரியல் வேலை என்பது இதுதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டேன்: "சரி, துணியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? உங்க வீட்ல யாராவது தைப்பாங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்பா அக்கா. ஓசிஎஃப்-ல டெய்லர்."

ஆவடிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓசிஎஃப் என்றால் விளக்கமே தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவடி படைத்துறை உடைத் தொழிற்சாலை. 1961-லிருந்து ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் இடம். 2021 அக்டோபரிலிருந்து ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழே வருகிறது. பட்டாபிராமிலும் சேக்காட்டிலும் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது அங்கே வேலை செய்தவர் யாராவது இருப்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸுக்குப் போகும் அக்காக்கள் தனி. எங்கள் அம்மாவே வீட்டில் ஓவர்லாக் மெஷின் வைத்து, ஃபால்ஸ் அடித்து, காஜா எடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார்.

"இதை ஏன் லெட்டர்ல எழுதல?"

"அது... ஃபேஷன் இல்லையே அக்கா."

எனக்கு வலித்தது, ஏனென்றால் நானும் 2018-ல் எழுதவில்லை. அம்மா என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு 'இல்லத்தரசி' என்று போட்டேன். மெஷின் சத்தத்தில் உட்கார்ந்துதான் அந்த ஃபார்மை நிரப்பினேன்.

ராணுவச் சீருடை ஃபேஷன் இல்லையா? 2022 ஜனவரி 15, ராணுவ தின அணிவகுப்பில் புதிய போர்ச் சீருடையை அறிமுகப்படுத்தினார்கள். வடிவமைப்பில் கூட நின்றது நிஃப்ட், அதாவது தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கல்லூரி. கம்ப்யூட்டர் திரைப் புள்ளி மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாக நிறம், சட்டையைப் பேன்ட்டுக்குள் விடாமல் வெளியே விட்டுக்கொள்ளும் வெட்டு. பருத்தி 70 பங்கு, பாலியஸ்டர் 30 பங்கு. ஒரு சட்டையை உள்ளே விடுவதா வெளியே விடுவதா என்று ஒரு நாட்டின் ராணுவமே உட்கார்ந்து யோசித்திருக்கிறது. இதைவிடப் பெரிய ஃபேஷன் முடிவு எது?

"அப்பா வீட்ல துணியைப் பத்தி என்ன பேசுவாரு?" என்று கேட்டேன். அவ்வளவுதான், கொட்ட ஆரம்பித்துவிட்டாள். தீபாவளிக்கு ஆவடியில் துணி எடுக்கப் போனால் அப்பா முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாராம். நேராக உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பாராம். ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் என்று நகத்தை வைத்து எண்ணுவாராம். அக்குள் கிட்ட இழுத்துப் பார்த்து, "இது ரெண்டு துவையல் தாங்காது, வை கீழே" என்பாராம். கடைக்காரர் இவர் வந்தாலே முகம் சுளிப்பாராம். இதைச் சொல்லும்போது அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. லெட்டரில் இருந்த குரல் இல்லை.

இதை எழுது என்றேன். ஒரே ஒரு எச்சரிக்கையோடு. தொழிற்சாலைக்கு உள்ளே நடப்பது, எந்த ஆர்டர், எவ்வளவு, எந்தத் துணி, இதெல்லாம் பாதுகாப்புத் துறை சமாச்சாரம், தொடவே கூடாது. போட்டோவும் கூடாது. அப்பாவுக்குத் தொந்தரவாகிவிடும். கடையில் அப்பா சட்டையைத் திருப்புவது உன் கதை. அது போதும்.

வெள்ளிக்கிழமை அனுப்பிய இரண்டாவது லெட்டர் இருநூறு வார்த்தைதான். முதல் பத்தி கடையில் அப்பா. இரண்டாவது, அந்தப் பத்திரிகையின் கடைசி இரண்டு இதழில் அவளுக்குப் பிடித்த ஒரு கட்டுரை, ஏன் பிடித்தது, அதில் அவள் தேடிக் கிடைக்காத ஒரு தகவல். மூன்றாவது, எந்தத் தேதியிலிருந்து வர முடியும், என்னென்ன மென்பொருள் தெரியும். கூடவே மூன்று மாதிரி எழுத்து. அதில் ஒன்று அம்பத்தூர் எஸ்டேட் ஷிப்ட் முடிந்து ஸ்டேஷனில் நிற்கும் பெண்களின் லஞ்ச் பேக் பற்றி. படிச்சுட்டு நான் ரெண்டு கமா மட்டும்தான் எடுத்தேன். நூற்றுக்கணக்கில் மெயில் பார்க்கிற எடிட்டர் முதல் மூன்று வரியில் நிற்பார் அல்லது தாண்டுவார். அதனால் நீங்கள் எழுதும்போதும், எந்த விவரம் உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாதோ அதை மேலே வையுங்கள்.

இனி பணம். இதைத்தான் அவள் கடைசி வரை பேசாமல் வைத்திருந்தாள். "அக்கா, ஸ்டைபெண்ட் உண்டான்னு விளம்பரத்துல போடல. அப்பாகிட்ட உண்டுன்னு சொல்லிட்டேன்."

நான் போன இன்டர்ன்ஷிப்பில் ஸ்டைபெண்ட் இல்லை. பத்திரிகையின் பெயர் வேண்டாம். மூன்று பேர் சேர்ந்து தங்கும் பேயிங் கெஸ்ட் அறைக்கு மாதம் 11 ஆயிரம். சாப்பாடு, லோக்கல் ட்ரெயின் எல்லாம் சேர்த்து மூன்று மாதத்துக்கு 60 ஆயிரத்தைத் தாண்டியது. அம்மா செயினை அடகு வைத்தார். மூன்றாவது மாதம் ஒரு ஷூட் முடிந்து எண்ணும்போது ஒரு ஜோடி கம்மலில் ஒன்றைக் காணோம். பட்டியல் என் கையெழுத்தில் இருந்ததால் கேள்வி என்னிடம் வந்தது. ராத்திரி பத்து மணி வரை கார்பெட்டில் முட்டி போட்டுத் தேடினேன். மறுநாள் ஸ்டைலிஸ்ட்டின் பையிலேயே இருந்தது. யாரும் ஸாரி சொல்லவில்லை. எழுதக் கற்றுக்கொண்டேன், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் செயினை மீட்க ஒன்றரை வருஷம் ஆச்சு.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகையில் சம்பளமில்லாமல் வேலை பார்த்த ஒரு பெண், 2012-ல் அதை நடத்தும் ஹர்ஸ்ட் நிறுவனத்தின் மேல் நியூயார்க்கில் வழக்குப் போட்டார். 2013 ஜூனில் வோக் பத்திரிகையை நடத்தும் கான்டே நாஸ்ட் மேல் இரண்டு பேர் போட்டார்கள். அதில் ஒருவர், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 12 டாலர்தான் கிடைத்தது என்றார். கான்டே நாஸ்ட் என்ன செய்தது தெரியுமா? அந்த அக்டோபரில் இன்டர்ன்ஷிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. 2014 நவம்பரில் 58 லட்சம் டாலருக்குச் சமரசம், அது சுமார் 7,500 முன்னாள் இன்டர்ன்களுக்குப் பிரிந்தது. ஹர்ஸ்ட் வழக்கு இழுத்து இழுத்து, 2017 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் நிறுவனம்தான் ஜெயித்தது. யாருக்கு அதிக பலன், கற்பவருக்கா முதலாளிக்கா என்று பார்க்க வேண்டும் என்பது அங்கே நீதிமன்றம் வைத்த அளவுகோல். சம்பளம் கேட்டால் கதவையே மூடிவிடலாம் என்ற பயம் அதனால் வெறும் பயம் இல்லை. ஆனால் சம்பளமே இல்லாத கதவு யாருக்குத் திறந்திருக்கிறது? பாந்த்ராவில் வீடு இருப்பவர்களுக்கு. மும்பைக்குப் போகும் ரயில் பட்டாபிராம் வழியாகத்தான் அரக்கோணம் போகிறது. நம்ம ஸ்டேஷனில் நிற்பதில்லை.

அவளிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, கேட்டுவிடு. விண்ணப்பத்திலேயே இல்லை, அவர்கள் பதில் போட்ட பிறகு, மரியாதையாக, மூன்று கேள்வி: ஸ்டைபெண்ட் எவ்வளவு, வேலை நேரம் என்ன, வீட்டிலிருந்து செய்யக்கூடிய பகுதி உண்டா. இதைக் கேட்டதற்காக ஒருவரை வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் மூன்று மாதம் ஓட்டுவது கஷ்டம். இரண்டு, அப்பாவிடம் பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள். அடகுக் கடையில் போய்த்தான் அவருக்குத் தெரியவேண்டும் என்று இல்லை.

நடுவில் ஒன்று. மும்பை மட்டும்தான் வழி என்று இல்லை. விகடன் 1980-களிலிருந்து மாணவப் பத்திரிகையாளர் திட்டம் நடத்துகிறது. படித்துக்கொண்டே உங்கள் ஊரிலிருந்து எழுதலாம். அது ஃபேஷன் இல்லைதான், ஆனால் ஒரு எடிட்டர் உங்கள் காப்பியை வெட்டுவதைப் பார்க்கும் வாய்ப்பு. தரமணி நிஃப்டில் ஃபேஷன் கம்யூனிகேஷன் படிப்பவர்கள் ஷூட் செய்யும்போது எழுதவும் ஓடவும் ஆள் தேவைப்படும். கேட்டுப் பார்க்கலாம். பட்டாபிராம் டைடல் பார்க் 21 மாடி கட்டித் திறந்தாச்சு, அதில் ஒரு பத்திரிகை ஆபீஸ் வருமா என்று என்னைக் கேட்காதீங்க, எனக்கும் ஆசைதான்.

சரி, என்ன ஆச்சு? ஞாயிற்றுக்கிழமை அனுப்பினாள். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. எடிட் டெஸ்ட். ஆறு படம், ஒவ்வொன்றுக்கும் நாற்பது வார்த்தைக்குள் கேப்ஷன், இரண்டு நாள் அவகாசம். அவள் மூன்று கேள்வியையும் கேட்டாள். தேர்வானால் மாதம் 10 ஆயிரம், முதல் மாதம் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று எழுத்தில் வந்தது. அதை வைத்துக்கொண்டு அப்பாவிடம் உட்கார்ந்து உண்மையைச் சொல்லியிருக்கிறாள், மீதி எவ்வளவு துண்டு விழும் என்பது உட்பட. அவர் ரொம்ப நேரம் பேசவில்லையாம். அப்புறம், "முதல்ல டெஸ்ட எழுது. எங்க, போட்டோவைக் காட்டு" என்றாராம்.

ஆறு படத்தையும் மொபைலில் பெரிசாக்கிப் பார்த்திருக்கிறார். நாலாவது படத்தில் நின்றுவிட்டார். ஆம்பிளைச் சட்டை போட்ட ஒரு மாடல். "இதுல பாக்கெட் வலது பக்கம் இருக்கு. பட்டன் பட்டியும் மாறி விழுந்திருக்கு. ஆம்பிளைச் சட்டைல இடதுதான் வலது மேல வரணும்." அவள் டிசைனே அப்படி இருக்கலாமே என்றாளாம். "காலர்ல லேபிளைப் பாரு, எழுத்து கண்ணாடில தெரியற மாதிரி இருக்கு. சட்டை சரியாத்தான் தைச்சிருக்கான். போட்டோவைத் திருப்பிப் போட்டுட்டாங்க."

ஆறு கேப்ஷனையும் எழுதி, கடைசியில் எடிட்டருக்கு ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டாள்: நாலாவது படம் இடவலம் மாறியிருக்கிறது, அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கவும், கண்டுபிடித்தவர் என் அப்பா, டெய்லர். அனுப்பி இன்றைக்கு நாலு நாள். இந்த எபிசோடை ரெக்கார்ட் செய்யும் வரை பதில் வரவில்லை. வந்தால் அடுத்த வாரம் சொல்கிறேன்.